லேப் மெஷினைவிடப் பெரிசா ஒண்ணு

— இதைவிடப் பெரிசு இல்லையாம்மா?

— இதைவிடப் பெரிசா? அண்ணே, என் கடையில இதான் பெரிசு, இதுக்குள்ள நீங்களே இறங்கி உக்காந்து குளிக்கலாம். வீட்டுல காளான் வளர்க்கத்தானே கேட்டீங்க? இல்ல ஆஸ்பத்திரி ஏதாவது கட்டுறீங்களா?

— காளானுக்குத்தாம்மா. மாடியில ஒரே ஒரு ரூம். ஆனா எனக்கு லேப்ல இருக்கற மெஷினைவிடப் பெரிசா வேணும். மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்களேன். தொழில் தெரிஞ்சவர் நீங்கதானே.

— அவ்வளவு பெரிசு எதுக்கு மச்சான்? அந்த ஓரத்துல இருக்கே, பெரிய குக்கர், அது போதும்.

— கேட்டீங்களாம்மா? இவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். ரத்தம், சளி எல்லாம் டெஸ்ட் பண்ற லேப்ல, கண்ணாடிக் குழாய், கத்தி, கத்திரி எல்லாத்தையும் ஆட்டோகிளேவ்ங்கற ஆவி மெஷின்ல போட்டு, கிருமி சாக அவிச்சு எடுக்கற வேலை. பதினோரு வருஷமா அந்த மெஷினோடதான் குடும்பமே நடத்தறார். என் தங்கச்சி சும்மா பேருக்கு. அவரே குக்கர் போதும்கறார். நான்தான் வேணாம்கறேன். ஏன்னா நான் பட்டவன்.

— என்ன பட்டீங்க?

— விதை கெட்டுப் போகுதும்மா. சோளத்தை ஊற வச்சு, அரை வேக்காடா வேகவச்சு, பாட்டில்ல அடைச்சு, வாயில பஞ்சு வச்சு இவர் கையில குடுப்பேன். இவர் லேபுக்கு எடுத்துட்டுப் போய் அவங்க மெஷின்ல போட்டு, உள்ள இருக்கற கிருமியைக் கொன்னு, சாயங்காலம் கொண்டு வந்து தருவார். அதுல காளான் விதையைக் கொஞ்சம் போட்டு மூடி வைப்பேன். ஆரம்பத்துல மல்லிகைப்பூ கொட்டின மாதிரி வெள்ளையா பிடிச்சு வந்துச்சு. இப்ப மூணு மாசமா பச்சை. பாசி பிடிச்ச தொட்டி தோத்துடும். திறந்தா பக்கத்து வீட்டுல ஜன்னல் சாத்தற சத்தம் கேக்குது.

— லேப் மெஷின்ல போட்டுமா கெட்டுப் போகுது?

— அதாம்மா நானும் சொல்றேன்! லேப் மெஷினுக்கே அடங்காத கிருமி என் வீட்டுல குடியிருக்கு. அப்ப அதைவிடப் பெரிசா ஒண்ணு இருந்தாத்தானே அடங்கும்?

— கிருமி மெஷின் சைஸைப் பாத்து பயப்படாதுண்ணே. சூட்டுக்குத்தான் பயப்படும். இங்க பாருங்க. இது டிரம். ஆவியில அவிக்கறது. கொதிக்கற தண்ணி சூட்டுக்கு மேல இது ஏறாது. வைக்கோல் பைக்கு இது சரி, விதை பாட்டிலுக்குப் பத்தாது. சில கிருமி கொதி தண்ணியில போர்வையை இழுத்துப் போத்திட்டுத் தூங்கும். இது குக்கர். அழுத்தம் ஏறினா சூடும் ஏறும், வீட்டு அடுப்புல வைக்கலாம், ஆனா ஒரு தடவைக்கு ஏழெட்டு பாட்டில்தான் பிடிக்கும். இது கரண்ட்ல ஓடற ஆட்டோகிளேவ். எதை எடுத்தாலும் ஒரு விஷயம். உள்ள இருக்கற காத்தை மொதல்ல ஆவியோட வெளிய விரட்டணும், அப்புறம்தான் வால்வை மூடணும். இல்லைன்னா மீட்டர்ல ஊசி அழகா ஏறி நிக்கும், உள்ள சூடு இருக்காது. ஊசியை நம்பி மோசம் போனவங்க எத்தனையோ பேர் என் கடைக்கு வந்திருக்காங்க.

— அந்த விஷயத்துல மாப்பிள்ளையை அடிச்சுக்க ஆள் கிடையாது. என்ன மாப்பிள்ளை?

— ம்.

— ம்முன்னா?

— அவங்க சரியாத்தான் சொல்றாங்க மச்சான்.

— அப்ப கோளாறு மெஷின்ல இல்லண்ணே. அதுக்கப்புறம்தான். விதை போடறப்ப கை சுத்தமா...

— கையா? ஏம்மா, இந்தக் கையைப் பாருங்க. ஸ்பிரிட் போட்டுத் தேச்சுத் தேச்சு உரிச்ச வெங்காயம் மாதிரி இருக்கு. மீசையைப் பாருங்க.

— மீசையே இல்லையேண்ணே.

— அதைத்தான் பாக்கச் சொல்றேன். கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்து இருந்த மீசை. மூச்சு விடறப்ப மீசையிலிருந்து பூஞ்சை பறக்கும் மச்சான்னு இவர் சொன்னார். அன்னைக்கே எடுத்தேன். வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி கதவைத் திறந்துட்டு, “அவர் வெளிய போயிருக்கார், அப்புறமா வாங்க”ங்கறா.

— ஐயோ பாவமே.

— இன்னும் இருக்கு. பூனை முடி பறந்து விழுமோன்னு கேட்டேன். விழலாம்னார். பூனையை ஒரு சிநேகிதர் வீட்டுல கொண்டு போய் விட்டேன். அது ஒரு தடவைகூடக் கத்தல. சும்மா பாத்துச்சு. கத்தியிருந்தா திருப்பிக் கொண்டு வந்திருப்பேன். அப்புறம் தயிர். உறை ஊத்தாதே, உன் தயிர்லதான் கிருமி வளருதுன்னு வாய் தவறி பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன். அன்னையிலிருந்து வீட்டுல தயிரும் இல்ல, பேச்சும் இல்ல. உத்தரவு மட்டும் வந்திருக்கு. இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு பாட்டிலாவது வெள்ளையா வரலைன்னா மாடி ரூமை வாடகைக்கு விட்டுட்டு, நான் விட்டுட்டு வந்த குடோன் வேலைக்கே திரும்பப் போய் மூட்டை எண்ணணுமாம். அந்த நாற்காலியில இப்ப உக்காந்திருக்கறவன், “உன்னால முடியாதுடா, வந்துடுவே”ன்னு சொல்லி அனுப்பினவன்.

— அழாத குறையாச் சொல்றீங்களே. அந்த பாட்டில் ஒண்ணு இருந்தா பாத்துச் சொல்லலாம்.

— இருக்கே. பையிலேயே இருக்கு.

— மச்சான், அதைப் போய் கடைக்குள்ள எதுக்கு...

— டாக்டர்கிட்ட வர்றப்ப நோயாளியைக் கூட்டிட்டு வர வேணாமா மாப்பிள்ளை? இந்தாங்கம்மா. மூடியை மட்டும் திறந்துடாதீங்க, இன்னைக்கு உங்களுக்கு வியாபாரம் நடக்காது.

— அப்பப்பா. மூடியிருக்கறப்பவே இப்படியா? சரி... இந்த டேப் யார் ஒட்டினது?

— மாப்பிள்ளைதான். லேப் டேப்.

— இதுல வரி கருக்கலையே.

— வரியா? ஆமா, ஆரம்பத்துல வந்த பாட்டில்ல எல்லாம் கருப்பு வரி இருந்துச்சு, வரிக்குதிரை மாதிரி. இப்ப வர்றதுல வெளிறிக் கிடக்கு. லேப்ல சிக்கனம் பண்றாங்க, மட்டமான டேப் வாங்கறாங்க போலன்னு நினைச்சேன்.

— ரெண்டும் ஒரே டேப்தாண்ணே. மெஷினுக்குள்ள அந்தச் சூடு பட்டா வரி கருக்கும். படலைன்னா இப்படி வெளிறியே இருக்கும். பாத்ததும் தெரியட்டும்னுதான் ஒட்டறதே.

— அப்ப இது?

— இது எந்த மெஷினுக்குள்ளயும் போகலண்ணே. நான்... குக்கருக்கு கேஸ்கட் உள்ள இருக்கு, தேடி எடுத்துட்டு வரேன். கொஞ்ச நேரம் ஆகும். நீங்க பேசிட்டு இருங்க.

— மாப்பிள்ளை, அந்தம்மா என்னமோ சொல்லிட்டுப் போறாங்களே.

— சரியாத்தான் சொன்னாங்க.

— உங்க லேப் மெஷின் ரிப்பேரா?

— நல்லாத்தான் இருக்கும்.

— இருக்கும்னா? தினம் நீங்கதானே ஓட்டறீங்க?

— நான் இப்ப அங்க போறதில்ல மச்சான். வேலை போச்சு.

— எப்ப?

— மூணு மாசம் ஆச்சு.

— காலையில சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிட்டுக் கிளம்பறீங்களே! நேத்துகூட மறந்து வச்சுட்டீங்கன்னு என் தங்கச்சி தெருமுனை வரைக்கும் ஓடி வந்து குடுத்தாளே!

— அவளுக்குத் தெரியாது.

— அப்ப என் பாட்டில் எல்லாம் எங்க போச்சு?

— பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சிநேகிதன் ரூம். அங்க ஒரு பெரிய பாத்திரத்துல வச்சு அவிச்சேன். ஆவி போகாம இருக்கட்டும்னு மூடி மேல ரெண்டு செங்கல் வச்சு.

— செங்கல். பதினோரு வருஷம் ஆட்டோகிளேவ் ஓட்டினவன், செங்கல். ஆனா டேப் மட்டும் மறக்காம ஒட்டினே.

— பையில பாதி உருளை மிச்சம் இருந்துச்சு. ஒட்டலைன்னா டேப் எங்கேன்னு நீங்க கேப்பீங்க.

— டேப்பைக் கேப்பேன், வரியைக் கேக்கத் தெரியாது. அதுவும் உனக்குத் தெரியும், இல்ல?

— மச்சான்...

— பாட்டில் போகட்டும். வேலை போனதைச் சொல்ல கூச்சம், அதுகூடப் புரியுது. நானும் ஆம்பளைதான், மீசை இல்லைன்னாலும். ஆனா என் கைதான் அசுத்தம்னு ஏன்டா சொன்னே? படுத்தா தூக்கம் வராது. என் உள்ளங்கையை நானே மோந்து பாத்துட்டுக் கிடப்பேன். எனக்குள்ளயே ஏதோ அழுகிப் போச்சு, அதான் தொட்டதெல்லாம் அழுகுதுன்னு நினைச்சேன். தங்கச்சி குழந்தையைத் தூக்கறதையே நிறுத்திட்டேன். நீ பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தானே இருந்தே?

— நீங்க விடவே இல்ல மச்சான். ஏன் கெட்டுது, ஏன் கெட்டுதுன்னு. ஏதாவது சொல்லணுமேன்னு கைன்னேன். கழுவிட்டு மறுபடி வந்து நின்னீங்க. மீசைன்னேன். மீசைன்னா எடுக்க மாட்டீங்க, இதோட பேச்சு முடியும்னு பாத்தேன். நீங்க எடுத்துட்டு வந்து, “இப்ப சரியா மாப்பிள்ளை?”ன்னு சிரிச்சீங்க. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்லுவேன்?

— இனிமே பாட்டில் எடுத்துட்டுப் போக முடியாது மச்சான்னு ஒரே ஒரு வார்த்தை போதுமே.

— அந்தப் பை கையில இருந்தாத்தான் வேலைக்குப் போற மாதிரி இருந்துச்சு. வெறும் டப்பாவோட எங்க போறது?

— ...சரி. சரி விடுங்க. மூஞ்சியைத் துடைங்க. அந்தம்மா வந்து பாத்தா, விலையைக் கேட்டே அழறாங்கன்னு நினைக்கப் போறாங்க.

— நான் அழல மச்சான். நீங்கதான்.

— தெரியுது. முன்னே எல்லாம் மீசை பிடிச்சு வைக்கும். இப்ப நேரா வாய்க்குள்ள போகுது.

— நீங்க என்னை நாலு அறை அறைஞ்சிருந்தாகூடப் பரவாயில்ல.

— அறையலாம். ஸ்பிரிட் போட்ட கை, எரியும், உங்களுக்கில்ல, எனக்கு. அது கிடக்கட்டும். பதினோரு வருஷம் ஒரு நாள் லேட்டாப் போகாத ஆளை எதுக்கு வெளிய அனுப்பினாங்க?

— வேணாம் மச்சான். அதைப் பேச வேணாம்.

— ஏன் பேச வேணாம்? நான் நாளைக்கே போய் அந்த மேனேஜரைப் பாத்துக் கேக்கறேன்.

— ஐயோ, நீங்க போகாதீங்க! தயவுசெஞ்சு நீங்க மட்டும் அங்க போகாதீங்க.

— நான் போனாத்தான் காரியம் நடக்கும். அவருக்கு என்னை நல்லாத் தெரியும். உங்ககிட்ட சொன்னா வெக்கப்படுவீங்கன்னு இத்தனை நாள் சொல்லல. மொதல் அறுவடை வந்துச்சு பாருங்க, அதுல நல்லதாப் பொறுக்கி ஒரு பெட்டி எடுத்துட்டு நேரா அவர் ரூமுக்கே போனேன். உங்க மெஷின் புண்ணியத்துல விளைஞ்சது சார், எங்க மாப்பிள்ளை மாதிரி ஒருத்தர் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் சார்னு சொன்னேன். மனுஷன் தங்கம். என்னை உக்கார வச்சுக் காபி வரவழைச்சார். எத்தனை பாட்டில், எந்தெந்தக் கிழமை, எவ்வளவு நேரம் ஓடும், ஒவ்வொண்ணா எவ்வளவு ஆசையாக் கேட்டார் தெரியுமா? பக்கத்துல இருந்தவரைக் கூப்பிட்டு எழுதிக்கவே சொன்னார். நானும் ஒண்ணு விடாம சொன்னேன்.

— தெரியும் மச்சான். மறுநாள் காலையில அதைத்தான் என்னை நிக்க வச்சுப் படிச்சுக் காட்டினாங்க.