முதல் வரியில் பிழை

எனக்குக் கையெழுத்து நன்றாக வராது. பள்ளிக்கூட நாளிலேயே வாத்திமார் என் கொப்பியைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்குக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அதனால்தான் பதினெட்டு வயதிலேயே ஆங்கிலத் தட்டச்சுப் பழகினேன். நீங்கள் வாக்குமூலத்தைத் தமிழில், கைப்பட எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். வாசிக்கச் சிரமமாக இருந்தால் நான் ஒத்துழைக்கவில்லை என்று குறித்துவிட வேண்டாம்.

பெயர் ஞானசேகரம். வயது நாற்பத்தாறு. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் உள்ள பயிற்சி நிலையத்தில் 1980 தை மாதம் தொடங்கிய கொம்பியூட்டர் வகுப்புக்கு நான்தான் போதனாசிரியர். அதற்கு முன் அங்கே தட்டச்சும் சுருக்கெழுத்தும் படிப்பித்தேன். கொழும்பில் மூன்று வாரப் பயிற்சிக்கு ஓர் ஆளை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தபோது சுருக்கெழுத்துக்கு இரண்டு பேர்தான் சேர்ந்திருந்தார்கள். சும்மா இருந்த ஆள் நான். போனேன். அந்த இயந்திரத்தைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு முறை பார்த்தேன். உள்ளே அதற்குக் குளிரூட்டி போட்டிருந்தார்கள். வெளியே நின்ற எங்களுக்கு வியர்த்து ஊற்றியது.

திருகோணமலையில் கொம்பியூட்டர் இல்லை. இல்லாமலே வகுப்பு நடத்தலாம் என்பதுதான் மேலிடத்தின் திட்டம். மாணவர்கள் புரோகிராமைக் கட்டம் போட்ட தாளில் எழுதுவார்கள். நான் தாள்களைக் கட்டித் தபாலில் கொழும்புக்கு அனுப்புவேன். அங்கே ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையில் துளைத்து இயந்திரத்துக்குக் கொடுத்து, அது அச்சடிக்கிற விடையை இரண்டு வாரத்தில் திருப்பி அனுப்புவார்கள். பிழை இருந்தால் எந்த வரியில் பிழை என்று இயந்திரமே சொல்லும். நல்ல திட்டம்தான். அதில் எனக்கு இன்றைக்கும் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

முதல் பொதி பதினோராம் நாள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. நிலையப் பொறுப்பதிகாரியின் கையொப்பம் இல்லையாம். எங்கள் பொறுப்பதிகாரி மாற்றலாகிப் போய் ஒரு மாதமாகியிருந்தது. அடுத்தவர் வருவார் என்றார்கள். இன்று வரைக்கும் வரவில்லை. இதையும் குறித்துக்கொள்ளும்படி கேட்கிறேன்.

பதினான்காம் நாள் காலை பதினாறு பிள்ளைகளும் வாசலிலேயே நின்றார்கள். கிண்ணியாவிலிருந்து வருகிற ஸல்ஹா முதல் தோணியில் வந்திருந்தாள். ஆனந்தராசா கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்திருந்தான். ஒன்றிலிருந்து நூறு வரை கூட்டினால் எவ்வளவு என்பதுதான் அவர்கள் எழுதின புரோகிராம். விடை அவர்கள் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அது கொழும்பிலிருந்து, அந்தக் குளிரூட்டிய அறையிலிருந்து வர வேண்டும் என்று அந்த முகங்கள் காத்திருந்தன. கையொப்பம் இல்லையாம் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? நாளைக்கு வரும் என்றேன்.

வீட்டுக்குப் போய் ஒவ்வொரு தாளையும் எடுத்து, இயந்திரம் எப்படி வாசிக்குமோ அப்படியே வரி வரியாக வாசித்தேன். சரியான ஒன்பது பேருக்கு விடையைத் தட்டச்சில் அடித்தேன். மற்ற ஏழு பேருக்குப் பிழையையும் வரி இலக்கத்தையும் அடித்தேன். கீழே, எடுத்த நேரம் 0.8 செக்கன் என்று போட்டேன். உண்மையில் மத்தியானச் சாப்பாட்டிலிருந்து விளக்கு வைக்கும் வரை எடுத்தது. கொம்பியூட்டர்த் தாளின் இரண்டு ஓரமும் வரிசையாக ஓட்டை இருக்கும். அதைக் காரியாலயத்து ஓட்டை போடும் கருவியால் ஒவ்வொன்றாகக் குத்தினேன். கொம்பியூட்டராக இருப்பதில் உடம்புக்குக் கடினமான வேலை அதுதான்.

பிறகு அந்த வேலையை என் மனைவி இராசமலர் எடுத்துக்கொண்டாள். அரசாங்க வேலை என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். இரண்டாம் மாதம் ஒரு நாள் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கொம்பியூட்டர் வந்தா மனிசருக்கு வேலை குறையும் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"கொழும்பில குறைஞ்சிருக்கும்" என்றேன்.

இது தப்பு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பிள்ளைகள் படித்தார்கள். ஒழுங்காக விடை வந்தது. நான் பொதியைத் தூக்கிக்கொண்டு தபால்கந்தோர்ப் பக்கம் நடப்பதை எல்லாரும் பார்த்தார்கள். பின்தெருவால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. என் இயந்திரம் பதினான்கு மாதத்தில் ஒரு நாளாவது பழுதாகவில்லை. கொழும்பில் இருந்த இயந்திரம் அதே காலத்தில் எத்தனை நாள் பழுதாகிக் கிடந்தது என்பதை நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

கரைச்சல் சி வரியால் வந்தது. புரோகிராமில் ஒரு வரியின் தொடக்கத்தில் சி என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால் இயந்திரம் அந்த வரியைக் கணக்கில் எடுக்காது, தாண்டிப் போய்விடும். எழுதுகிறவர் தன் குறிப்புக்காக எழுதி வைக்கிற வரி அது. இதை நானே கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தேன். ஆனால் ஆனந்தராசா ஒரு தடவை மேலே ஒரு சி வரி போட்டு, எங்கள் ஆசிரியர் மிகவும் பொறுமையானவர் என்று எழுதியிருந்தான். இயந்திரம் அதைத் தாண்டிப் போகும். எனக்குத் தாண்டத் தெரியவில்லை. நானும் மனிசன்தானே. கீழே அவன் விட்டிருந்த ஒரு கொமாவை இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஒரு மாதத்துக்குள் சி வரி போட்டவர்களுக்குச் சரி வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கொழும்பு இயந்திரத்துக்கு மரியாதை பிடிக்கும் என்று வகுப்பில் கதை. பிறகு வந்த தாள்களில் சி வரிகள் புரோகிராமை விட நீளமாக இருந்தன. ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருத்தியின் அக்காவுக்குப் பிள்ளைப்பேறு, ஒருவன் இயந்திரத்துக்குப் பொங்கல் வாழ்த்து. எல்லாவற்றையும் வாசித்தேன். காய்ச்சல்காரனுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். என்னைக் கேட்டால், அந்த வகுப்பில் ஒரு நல்ல பழக்கம் வளர்ந்தது.

ஸல்ஹா மட்டும் போடவில்லை. மெஷின் வாசிக்காத வரியை ஏன் எழுத வேண்டும் என்று கேட்டாளாம். அவள் தாளில் தேவையில்லாத ஒரு புள்ளி இருக்காது. வகுப்பில் எல்லாருக்கும் முந்திக் கையைத் தூக்குவாள். நான் கரும்பலகையில் விட்ட பிழையை, "சேர், நாலாம் வரி" என்று மெதுவாகச் சொல்லுவாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் கோபித்திருக்கலாம். மெதுவாகச் சொல்லுகிற ஆளை என்ன செய்வது?

அந்த வருட முடிவில் துறைமுகக் காரியாலயத்திலிருந்து கடிதம் வந்தது. வகுப்பில் முதலாவதாக வருகிற ஒருவருக்கு நிரந்தர வேலை, அதோடு கொழும்பில் ஆறு மாதப் பயிற்சி. ஓர் இடம்தான். பதினாறு பேருடைய வீட்டிலும் அன்றைக்கு இதுவே கதையாக இருந்திருக்கும்.

அடுத்த கிழமை ஸல்ஹா என் மேசையில் இரண்டு தாள்களை வைத்தாள். ஒன்று அவளுடையது. மற்றது ஆனந்தராசாவினுடையது. அவன் அவளுடையதைப் பார்த்து எழுதியிருந்தான். ஏழாம் வரியில் அவள் ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருந்தாள், அவனும் எழுத்துப் பிசகாமல் விட்டிருந்தான். வேண்டுமென்றே விட்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுக்குப் பிழை, வரி 7 என்று வந்திருந்தது. அவனுக்குச் சரியான விடை வந்திருந்தது. அவனுடைய சி வரியில், திங்கட்கிழமை அம்மா கனகம்மாவுக்கு ஒப்பரேஷன், தயவுசெய்து கவனிக்கவும் என்று இருந்தது.

"சேர், மெஷின் சி வரிய வாசிக்காது எண்டு நீங்கதானே படிச்சுத் தந்த?"

"ஓம், பிள்ளை."

"அப்ப ஆனந்தராசாட அம்மாக்கு ஒப்பரேஷன் எண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் தண்ணீர் குடித்தேன். யன்னலுக்கு வெளியே உள்துறைமுகத்தில் ஒரு கப்பல் நங்கூரம் இறக்கிக்கொண்டிருந்தது. அவள் கதிரையில் உட்காரவில்லை.

"நான் ஒருத்தரிட்டயும் சொல்ல மாட்டன், சேர். சோதினைப் பேப்பர மட்டும் மெய்யாவே கொழும்புக்கு அனுப்புங்க. வாப்பா எனக்கு ஒரு வருசந்தான் தந்திருக்கார். வேல கிடைச்சா கொழும்புக்கு விடுவார். இல்லாட்டி இதோட முடிஞ்சுது."

"அனுப்புறன், பிள்ளை" என்றேன். சொன்ன நேரத்தில் மனதாரத்தான் சொன்னேன்.

சோதனைக்குத் துறைமுகக்காரரே கேள்வி தந்தார்கள். குடாவில் இருபது கப்பல்கள் காத்து நிற்கின்றன. எது எப்போது வந்தது, என்ன சரக்கு என்று பார்த்து, எதை முதலில் துறைக்கு விடுவது என்று வரிசைப்படுத்த வேண்டும். மற்றவர்கள் அறுபது, எழுபது வரி எழுதியிருந்தார்கள். ஸல்ஹா இருபத்திரண்டு வரிதான் எழுதியிருந்தாள்.

பேப்பர்களை எடுத்துக்கொண்டு நானே ரயிலில் போய்க் கொழும்பில் கையால் கொடுத்திருக்கலாம். அதை நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் அங்கே இருப்பது இந்தப் பிள்ளைகளை அறியாத இயந்திரம். என்னிடம் பதினான்கு மாதம் பழகியவர்களைத் திடீரென்று முன்பின் தெரியாத ஒன்றின் கையில் கொடுப்பது நியாயமா? பதினாறில் பதினைந்து பேருக்கு அது பிழை என்றுதான் அடித்துத் தள்ளும். அதோடு, ஸல்ஹா கொழும்புக்குப் போனால் அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பாள். திருகோணமலைப் பொதிகள் எங்கே என்று ஒருநாள் கேட்பாள், மெதுவாகத்தான் கேட்பாள். இதை நான் முக்கிய காரணமாகச் சொல்லவில்லை. இதுவும் இருந்தது என்று சொல்கிறேன்.

ஆகவே ஸல்ஹாவின் பேப்பரையும் நானே செய்தேன். இருபது கடதாசித் துண்டில் இருபது கப்பலின் பெயரை எழுதி வீட்டு மேசையில் அடுக்கினேன். அவளுடைய வரிகள் சொல்லுகிறபடி இரண்டு இரண்டாக எடுத்து ஒப்பிட்டு இடம் மாற்றினேன். மூன்று நாள் எடுத்தது. இரண்டாம் நாள் இராசமலர் யன்னலைத் திறந்துவிட்டாள், கப்பல்கள் குசினி வரைக்கும் பறந்தன. தொடக்கத்திலிருந்து செய்தேன். மூன்றாம் நாள் பின்னேரம், கடைசித் துண்டு தன் இடத்துக்குப் போய் நின்றது. இருபதும் வரிசையாக நின்றன. அவள் எழுதினதில் ஒரு வரி கூட்ட ஏலாது, ஒரு வரி குறைக்க ஏலாது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணும் கலங்கியது, மறைக்கவில்லை.

இதையும் சொல்ல வேண்டும். அந்தப் பேப்பரில் அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சி வரி போட்டிருந்தாள். முதல் வரியே அதுதான். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: சேர், இது சரி. உங்களுக்குத் தெரியும்.

நான் தட்டச்சில் தாளைச் சொருகினேன். பிழை, வரி 1 என்று அடித்தேன். நேரம் 0.3 செக்கன் என்று போட்டேன். இராசமலர் ஓட்டை குத்தித் தந்தாள்.

ஆனந்தராசா முதலாவதாக வந்தான். அவனுடைய சி வரிகள் ஒன்பது. நல்ல பிள்ளை, தாயை உயிராக நேசிக்கிறவன். முடிவைப் போட்ட அன்று ஸல்ஹா தன் தாளை வெகுநேரம் பார்த்தாள். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு தோணித்துறைக்குப் போய்விட்டாள்.

மிச்சம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனந்தராசா கொழும்பில் முதல் நாளே, கனம் இயந்திரம் அவர்களுக்கு, நான் திருகோணமலையிலிருந்து வருகிறேன் என்று அட்டையில் துளைத்துக் கொடுத்திருக்கிறான். இது யாருக்கு என்று கேட்டிருக்கிறார்கள். எங்கட பக்கம் இப்படித்தான் எழுதுகிறது, எழுதினால் சரி வரும் என்று சொல்லியிருக்கிறான். அதன்பிறகு அங்கே பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார்கள். எங்கள் நிலையத்திலிருந்து ஒரு தாள்கூட வந்து சேர்ந்ததாக இல்லை. நீங்கள் வந்தீர்கள். ஸல்ஹாவின் விடைத்தாளைப் பார்த்த உடனேயே உங்கள் முகம் மாறியதை நான் கவனித்தேன். இயந்திரம் வாசிக்காத வரியில் இயந்திரம் எப்படிப் பிழை பிடித்தது என்று கேட்டீர்கள். பதினான்கு மாதத்தில் நான் விட்ட ஒரே பிழை அது.

நேற்றுக் கிண்ணியாவுக்குப் போய் அவளுடைய வாப்பா ஸைனுலாப்தீனைச் சந்தித்ததாகச் சொன்னீர்கள். பெருநாளோடு அவளுக்கு மூதூரில் கலியாணம் முடிந்துவிட்டதாம். மாப்பிள்ளை வீட்டாருக்கு வேலை என்ற கதையே பிடிக்காதாம். அவர் சொன்னதை நீங்கள் எனக்கு அப்படியே வாசித்துக் காட்டினீர்கள்.

"சரியா எழுதின, வாப்பா, சரியா எழுதின எண்டு புள்ள ஒரு கிழமையா அழுதா. ஒரு மனிசன் பெயில் எண்டு சொல்லியிருந்தா நான் வந்து சண்ட புடிச்சிருப்பன். மெஷினே சொன்ன பிறகு நான் என்னத்தக் கதைக்கிற?"

அந்த மனிசன் தன் மகளை நம்பவில்லை, என்னை நம்பியிருக்கிறார். அது என் வேலைக்குக் கிடைத்த மரியாதைதான். ஆனாலும் கவலையாக இருந்தது. நேற்றுச் சாப்பிடவில்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். பதினான்கு மாதமும் கொம்பியூட்டராக இருந்தது நான். ஸல்ஹாவின் பேப்பர் சரியென்று தெரிந்துகொண்டே பிழையென்று அடித்ததும் நான். கொழும்பு இயந்திரம் அதை ஒரு செக்கனில் செய்து முடித்துச் சரியென்று சொன்னதாக நேற்றுச் சொன்னீர்கள். சொல்லியிருக்கும். சொல்லிவிட்டு அடுத்த அட்டைக்குப் போயிருக்கும். மூன்று நாள் கூடவே இருந்து, கடைசிக் கப்பல் வந்து நின்றபோது கண் கலங்கினது நான் ஒருவன்தான். அதற்காவது அந்தப் பிள்ளை, போகும்போது ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கலாம்.