பன்னிரண்டு நிமிட விசிறி

ஆரஞ்சுப் பழம் நன்றாகத்தான் மிதக்கும், இன்ஸ்பெக்டர். பிரிஞ்சாங் சந்தையில் இரண்டு கூடை வாங்கினேன். "எத்தன பேருக்கு ஜூஸ் போடப் போறீங்க சார்?" என்று கடைக்கார நஃபீசா அக்கா கேட்டார். ஏரியில் விடப்போகிறேன் என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். மனசு அப்படித் துள்ளிப் பல வருஷம் ஆகியிருந்தது.

நான் குகனேஸ்வரன், கடலோர நீரியக்கப் பேராசிரியர். ஆறு கடலில் விழுந்த உடனே கலந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கலக்காது. ஆற்று நீர் இலேசானது. உப்பு நீரின் மேலே விசிறியாக விரிந்து போகும். அதன் முதல் பன்னிரண்டு நிமிட நகர்வுக்கு நான் ஒரு சமன்பாடு எழுதினேன். இருபத்தாறு வருட உழைப்பு. களத்தில் அளந்த சான்று இல்லையென்று ஆய்விதழ்காரர்கள் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மார்ச்சில் எனக்கு ஓய்வு.

கடலில் அலையும் கப்பலும் பெரிய தொல்லை. அப்போதுதான் நான் பிறந்த தேயிலைத் தோட்டம் ஞாபகம் வந்தது. மேலே ஆழமில்லாத குட்டை, வெயிலில் வெதுவெதுவென்று இருக்கும். கீழே சில்லென்று ஏரி. நடுவில் ஓடை, ஒரு மதகு. மதகைத் திறந்தால் வெதுவெதுப்பான நீர் குளிர்நீர் மேல் விரியும். எனக்கே எனக்கென்று ஒரு குட்டிக் கடல்.

முனியாண்டி என்னோடு தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்து, தோட்டப் பள்ளியில் படித்தவன். ஓடை ஏரியில் சேரும் இடத்தில் இறங்கி தினமும் செத்தை அள்ளுவான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மதகைத் திறக்கும் முன் தண்டவாளத் துண்டில் மூன்று அடி அடிப்பார்கள். ஓடையில் இருப்பவர்கள் ஏறிவிட வேண்டும். மூடிய பிறகு விடாமல் அடித்தால் இறங்கலாம். முனியாண்டி தன் கண்ணைவிட அந்த மணியை நம்புவான்.

விரியும் நீரோடு போய் அதன் வழியைக் காட்ட ஒரு மிதவை வேண்டும். டிரோனைப் பறக்கவிட்டு ஒவ்வொன்றாகச் சோதித்தோம். ஆரஞ்சைக் காற்று தள்ளிக்கொண்டு போனது. உருளைக்கிழங்கு மூழ்கியது. தக்காளி சரியாக மிதந்தது, ஆனால் மூடுபனியில் தெரியவில்லை. முட்டைக்கோஸ் நாணலில் மாட்டிக்கொண்டது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"காய்கறிய வீணாக்காத லா, புரொபசர். என்னையத் தூக்கிப் போடு, நான் மெதக்குறேன்."

"நீச்சல் தெரியுமா உனக்கு?"

"நம்ம லயத்துல யாருக்குடா தெரியும்?"

விளையாட்டுப் பேச்சுதான். ஆனாலும் யோசனை அவனுடையது, அதை எழுதிக்கொள்ளுங்கள். மனித உடல் தண்ணீரைவிட ஒரு மயிரிழைதான் இலேசு. அவனிடம் மஞ்சள் மழைக்கோட்டும் இருந்தது. டிரோனுக்கு அதைவிட வசதியான நிறம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை மதியம், "மதகை இன்னிக்கு நான் பாத்துக்கிறேன்டா" என்றேன். அவன் கீழே போய்க் காத்திருந்தான். நான் விடாமல் மணியடித்தேன். அவன் கையாட்டிவிட்டு இறங்கினான். இடுப்பளவு ஆழத்துக்குப் போகட்டும் என்று பார்த்திருந்து, மதகை முழுதாகத் திறந்தேன். பட்டணத்துக்குப் போனவன், வழக்கம் மறந்து மணியை மாற்றி அடித்துவிட்டான் என்று தோட்டத்தில் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். நான் எதையும் மறக்கவில்லை.

அந்த விசிறியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். செம்மண் நிறத்தில் அப்படியே மலர்ந்தது. என் சமன்பாடு சொன்ன இடத்துக்கு, சொன்ன நொடியில், அதன் விளிம்பு வந்து சேர்ந்தது. மஞ்சள் புள்ளி அதன் முனையிலேயே போனது. நான் ஏரிக்கரைக்கு இறங்கிவந்து துள்ளிக் குதித்தேன், கைதட்டினேன், பள்ளிக்கூடத்துப் பாட்டைச் சத்தமாகப் பாடினேன்.

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். முழு வீடியோவையும் அதோடு வெளியிட்டேன். ஆய்வாளனிடம் ஒளிவுமறைவு இருக்கக் கூடாது. அதைப் பார்த்துத்தானே நீங்களும் வந்திருக்கிறீர்கள்.

படகு என் காலடியில்தான் கட்டியிருந்தது, உண்மைதான். அதை இறக்கியிருந்தால் மேல்நீர் கலங்கியிருக்கும். நான்காம் நிமிடத்திலும் ஏழாம் நிமிடத்திலும் அவன் கையைத் தூக்கினான். அந்த இரண்டு அளவுகளை மட்டும் பிழை என்று நீக்கிவிட்டேன்.