எருதுக்கு ஒரு தகர வில்லை

கொடைய மடக்கிக்கோங்க சாமி, மாடுங்க மெரளும். மாசி மாச வெயிலு என்ன பண்ணிடப் போகுது? இந்தத் துண்டத் தலையில போட்டுக்கோங்க. ஆங், அப்பிடி வைக்கோலு மேல சாஞ்சுக்கோங்க. அந்த மூட்டைய முதுகுக்கு வச்சுக்கலாம், உள்ள துணிதான். காலை நல்லா நீட்டுங்க. ஆறு மைலு போகணுமே.

கங்கப்பன் வீட்டுக்குத்தானே? தெரியும், நல்லாத் தெரியும். சூளகிரியில பஸ்ஸ விட்டு எறங்குனதும் டீக்கடையில கேட்டீங்க பாருங்க, கங்கப்பன் பண்ணைக்கு எப்பிடிப் போறதுன்னு. பண்ணைன்னு காதுல விழுந்ததும் கடைக்காரன் கிளாசக் கீழ போட்டுட்டான். ஏன்னு கேக்காதீங்க, போகப் போகத் தெரியும்.

வரியாபீசுன்னு நீங்க சொல்லவே வேணாம் சாமி. காலுல பூட்சு, கையில தோல் பை, மூஞ்சியில சிரிப்பு இல்ல. அட, சும்மா சொன்னேன். இப்ப சிரிக்கிறீங்களே! என் பேரா? வண்டிக்காரன்னே கூப்பிடுங்க, திரும்பிப் பாக்கறேன்.

வரி போடுங்க சாமி, நல்லா போடுங்க. பணக்காரனுக்கு வரி போடறதுல எனக்கு ரெண்டு பேச்சே கெடையாது. டீக்கடையில பேப்பர் படிப்பாங்க, நான் கேப்பேன். சொத்துக்கு வரியாம், செலவு பண்ணா வரியாம், போன வருசத்துல இருந்து தானம் குடுத்தாக்கூட வரியாம். வச்சிருந்தாலும் வரி, செலவு பண்ணாலும் வரி, குடுத்தாலும் வரின்னா மனுசன் என்னதான் பண்ணுவான்னு ஒருத்தன் அழுவுறான். எங்கள மாதிரி இருக்கச் சொல்லுடா, ஒண்ணும் வராதுன்னேன்.

ஆனா அதுவும் பொய்தான். தோ, அந்தப் பலகையில பாருங்க, தகர வில்லை அடிச்சிருக்குதா? வண்டி வரி கட்டினா பஞ்சாயத்துல குடுக்கறது. வருசா வருசம் கட்டணும், வருசா வருசம் புதுசா அடிக்கணும். சைக்கிளுக்கு ஒரு வில்லை. டவுனுல நாய்க்குக்கூட கழுத்துல வில்லை கட்டறாங்களாம். நெருப்புப் பொட்டிக்கு வரி, பொகையிலைக்கு வரி. நான் ஒரு பீடி பத்த வச்சா சர்க்காருக்கு ரெண்டு தடவ கும்பிடு போட்ட மாதிரி. இவ்ளோ நான் கட்டறப்ப, பெரிய மனுசன் கட்டினா கையி ஒடிஞ்சா போயிடும்?

ஆனா இந்த வில்லை மேல எனக்குக் கோவமே இல்ல. மூணு வருசம் முந்தி பேரிகை சந்தையில ஒருத்தன், இது என் வண்டின்னு வந்து மூக்கணாங்கயிறப் புடிச்சிக்கிட்டான். ஒரே ரகளை. போலீஸ்காரரு வந்தாரு. யாரு பேச்சையும் கேக்கல. வில்லையில நெம்பரப் பாத்தாரு, என் மடியில இருந்த ரசீதப் பாத்தாரு, ஓட்டுடா உன் வண்டியன்னாரு. அவ்ளோதான். எவன் வரி கட்டினானோ அவன் வண்டி. அன்னைக்கித்தான் எனக்குப் புத்தி வந்துச்சு, வரிங்கறது சர்க்காரு புடுங்கறது மட்டும் இல்ல, இது உன்னுதுடான்னு எழுதிக் குடுக்கறதும்தான்னு.

கங்கப்பன் எப்பிடிப்பட்ட ஆளுன்னு கேக்கறீங்களா? ஆளு சுமாருதான். கருப்பு. பேச்சு கொஞ்சம் ஜாஸ்தி. பணக்காரன்தான், காயிதத்துல. நாப்பது ஏக்கரா மாந்தோப்பு, ரெண்டு கெணறு, ஒரு ஆயில் எஞ்சினு, ஒரு எருது. என்ன, எருதுன்னதும் சிரிக்கிறீங்க? நோட்டீசுல அது இல்லியா? அதத்தான் மொதல்ல எழுதணும் சாமி. அதுக்கு வர்ற திங்கக்கிழமை தலைவிதி இருக்குது. சந்தைக்கு ஓட்டிட்டுப் போயி கன்னட எல்லைக்கு அந்தப் பக்கம் வித்துடப் போறாங்க. அந்த எருது போச்சுன்னா கங்கப்பன் பாதி ஆளு ஆயிடுவான்.

டேய் கரியா, நேரா பாத்து நடடா. ஆபீசரு இருக்காரு.

பையில பேப்பரு எட்டிப் பாக்குதே. கிரிக்கெட்டுல தோத்துட்டமாமே? அஞ்சு ஆட்டத்துக்கு நாலு கேப்டன மாத்தினாங்கன்னு டீக்கடையில சட்டையப் புடிக்காத கொற. நான் அந்த ஆட்டத்தக் கண்ணால பாத்ததில்ல. ஆனா யாரு பேருல எறங்கறோம்னு தெரியலன்னா மாடுகூட ஓடாது சாமி. அவங்களுக்கு நாலு கேப்டன். எங்க எருதுக்கு ரெண்டு சொந்தக்காரன். அந்தக் கூத்தக் கேளுங்க.

நீங்க சேலமா? சரி, அப்ப சொல்றேன். எங்க பக்கம் தை மாசம் எருது விடுவோம். மாட்டு மேல தாவிப் புடிக்கறதெல்லாம் இங்க இல்ல. மூங்கிலுல தட்டி பண்ணி, கலர் துணி சுத்தி, சரிகை ஒட்டி, கொஞ்சம் பணமும் முடிஞ்சு கொம்புல கட்டி விடுவோம். ரெண்டு பக்கமும் ஜனம், நடுவுல சந்து. ஓடற எருது கொம்புல இருந்து தட்டியப் பறிச்சா, பறிச்சவனுக்கு. ஒருத்தன் கையிலயும் சிக்காம தட்டியோட கடைசி வரைக்கும் ஓடிடுச்சுன்னா, எருதுக்காரனுக்குப் பித்தளை அண்டா. விடறதுக்கு முந்தி மைக்குல எருதுக்காரன் பேரச் சொல்லுவாங்க. அண்டா கெடக்குது, அதுல என்னத்தக் காச்சப் போறாங்க? அந்தப் பேருக்குத்தான் சாமி அத்தன பேரும் அடிச்சுக்கறது.

ராயன்னு பேரு அந்த எருதுக்கு. நாலு வருசமா ஒருத்தன் வெரலும் அதும் தட்டி மேல படல. எங்க ஊரு பெரியவரு நாராயணப்பன் இருக்காரே, அவரு சந்தையில கன்னா வாங்கினாரு. வாங்கின பத்தாம் நாளு வாயில நொரை, காலுல புண்ணு. செத்தா தோப்புலயே பொதைச்சுடுன்னு கங்கப்பன்கிட்ட தள்ளி விட்டுட்டாரு. இவன் தோப்புக்குக் காவலு, மாம்பழ லோடு அடிக்கறது. இவன் ராவும் பகலும் அதுங்கூடவே உக்காந்து, கேவுரு கூழு கரைச்சு ஊட்டினான். எனக்கு ஊத்த வேண்டிய கூழ கன்னுக்கு ஊத்தறியான்னு அவன் பொஞ்சாதி கரண்டியோட வந்தா. அப்புறம் அவளே ஊட்டினா. இப்ப அது பேரச் சொன்னா இவன் குடிசைக்குள்ள இருந்தாக்கூட காதத் தூக்கும்.

என்ன சாமி முழிக்கிறீங்க? நாப்பது ஏக்கராக்காரன் எதுக்குத் தோப்புக்குக் காவலு இருக்கறான்னுதானே? வர்றேன், அதுக்குத்தான் வர்றேன்.

போன வருசம் வெவசாய வருமானத்துக்கும் வரின்னு சட்டம் வந்துச்சே, பெரியவருக்குச் சோறு எறங்கல. ஓசூருல இருந்து பத்திரம் எழுதறவர வரவச்சாரு. மச்சினன் பேருல கொஞ்சம், மக பேருல கொஞ்சம், பேத்தி பேருல கொஞ்சம். பொறக்கப் போற பேரன் பேருல எழுத முடியுமான்னுகூட கேட்டாராம். மிச்சம் நாப்பது ஏக்கரா. அத கங்கப்பன் பேருல எழுதினாங்க. வேற எதுனா இருக்குதான்னு பத்திரக்காரரு கேட்டாரு. பெரியவரு யோசிச்சாரு. எருதும் சொத்துதானே, வருசா வருசம் அண்டா ஜெயிக்குதே, அத வருமானம்னு சொல்லிட்டா? பயந்து போயி அதையும் எழுதச் சொல்லிட்டாரு. ஸ்டாம்பு காயிதத்துல, வயசு ஆறு, நெறம் மயிலை, வலது காதுல கிழிசலுன்னு அடையாளத்தோட! பணக்காரன் பயந்தா அப்பிடித்தான் சாமி, கேக்காததையும் தூக்கிக் குடுத்துடுவான். கங்கப்பன் கைநாட்டு வச்சான். ஒரு கட்டு வெத்தல குடுத்தாங்க. அவ்ளோ பெரிய பணக்காரன் ஆனதுக்கு அதுதான் கெடச்சுது.

இந்தத் தையில எருது விட்டோம். மேடையில தாலூக்கா ஆபீசு ஆளுங்க மாலையும் கழுத்துமா உக்காந்திருக்காங்க. மைக்குக்காரன் வழக்கம்போல நாராயணப்பன் எருது வருது, நாராயணப்பன் எருதுன்னு கத்தறான். ராயன் விட்டுது பாருங்க ஓட்டம்! எனக்கு இப்ப நெனச்சாலும் மயிரு சிலுக்குது. ஒரு பையன் தட்டிக்குக் கைய நீட்டிட்டான். தலைய ஒரு சாய்ப்பு, பையன் பக்கத்துக் குப்பையில கெடக்கறான். தட்டியில ஒரு சரிகைகூட உதிரல.

அண்டாவத் தூக்கறப்ப ஒருத்தன் எழுந்தான், எல்லைக்கு அந்தப் பக்கத்து வெங்கடசாமி. அவனுதும் நல்ல எருது, தட்டி போயிடுச்சு. யார எத்து இதுன்னு கன்னடத்துல கேட்டான். யாரு மாடுன்னு. என்னுதுன்னாரு பெரியவரு. காயிதத்துல கங்கப்பன்னு இல்ல இருக்குதுன்னான். அந்தப் பத்திரக்காரரு எல்லை தாண்டிப் போயி தண்ணி போட்டுட்டு எல்லாத்தையும் உளறி வச்சிருக்காரு, இங்கதான் மதுவிலக்காச்சே, குடிக்க முடியாதே. எங்க கட்டுப்பாடு என்னன்னா, அடுத்தவன் எருத தன் பேருல விட்டா பரிசு இல்ல, மூணு வருசம் எறங்கவும் கூடாது. ஜனமெல்லாம் கத்துது. ஒருத்தன் கல்ல எடுத்துட்டான்.

பெரியவரு மூஞ்சியப் பாக்கணுமே நீங்க! என்னுதுன்னு அடிச்சுச் சொன்னா மேடையில மாலையோட சர்க்காரு உக்காந்திருக்குது, எழுதினதெல்லாம் பொய்யான்னு தோப்பையும் தோண்டுவாங்க. என்னுது இல்லன்னா பேரு போச்சு. வேர்த்துக் கொட்டுது. கடைசியில மைக்கப் புடுங்கி அவரே சொன்னாரு. எருது கங்கப்பனுது, மைக்குக்காரன் தப்பாச் சொல்லிட்டான்னு. உடனே அந்த மைக்குக்காரன் கங்கப்பன் எருது, கங்கப்பன் எருது, கங்கப்பன் எருதுன்னு மூணு தடவ சொன்னான் சாமி. மலையில பட்டுத் திரும்பி வந்துச்சு.

கங்கப்பனா? அவன் சந்துக் கடைசியில எருதப் புடிக்க ஓடிட்டு இருந்தான். மைக்குல பேரு வந்ததும் வேற எவனோ கங்கப்பன்னு நெனச்சு திரும்பித் திரும்பிப் பாத்தான். அப்புறம் வெளங்குச்சு. எருது கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதுட்டான். ஆயிரம் பேரு முன்னால, வெக்கமில்லாம.

அண்டா சாயங்காலமே பெரிய வீட்டுக்குப் போயிடுச்சு. போகட்டும். ஆனா அந்தப் பேரு மைக்குல போனதுல இருந்து பெரியவருக்கு ராயனக் கண்டாலே ஆகல. நீங்க வந்துட்டுப் போனதும் கங்கப்பன்கிட்ட எருதத் திருப்பி எழுதி வாங்க ஒரு கைநாட்டு. திங்கக்கிழமை சந்தை. வாங்கப் போறது யாரு தெரியுமா? அதே வெங்கடசாமி! தைரியம் பாருங்க.

தோ, இந்த முக்குல வலது பக்கம் திரும்பினா பெரிய வீடு. உங்களுக்குக் கோழி அடிச்சு வச்சிருக்காங்க, வாசன இங்கயே வருது பாருங்க. பஸ்ஸுல வர்றவர நேரா அங்க கூட்டிட்டு வான்னுதான் என்ன அனுப்பினாரு. கங்கப்பன் வெள்ள சட்ட போட்டுக்கிட்டு அங்க நிக்கணுமாம். தோப்பு என்னுதுதான் சாமி, ஆனா பூச்சி விழுந்து நஷ்டம்னு சொல்லணுமாம். நீங்களே ரெண்டு பக்கமும் பாருங்க. எல தெரியுதா? அத்தனையும் மாம்பூவு. இதான் அந்த நஷ்டம்.

நான் வலது பக்கம் திரும்பல சாமி. நேராத்தான் போறேன். நோட்டீசுல கங்கப்பன் வீடுன்னுதானே இருக்குது? ஹை, ஹை, கரியா!

வந்துட்டோம், எறங்குங்க. இதேதான் சாமி, கங்கப்பன் பண்ணை. குனிஞ்சு வாங்க, வாசக்கால் இடிக்கும். அதோ புளியமரத்தடியில நிக்கறதுதான் ராயன். புது ஆளுன்னா மொறைக்கும், ஒண்ணும் பண்ணாது. கொடைய மட்டும் விரிச்சுடாதீங்க.

ஏ வெள்ளையம்மா, ஒரு சொம்பு மோரு கொண்டா. ஆபீசரு வந்திருக்காரு.

அந்த மூட்டைய இப்பிடிக் குடுங்க. நசுங்கினா பரவால்ல, நீங்க சாஞ்சிருந்தது அந்த வெள்ள சட்ட மேலதான். எனக்கு அளவும் சரியில்ல, பெரியவரோட பழைய சட்ட. ஆமா சாமி. நான்தான்.

எழுதிக்கோங்க. தோப்பு என்னுது இல்ல, கெணறு என்னுது இல்ல, எஞ்சினு என்னுது இல்ல. எங்க வேணும்னாலும் கைநாட்டு வச்சுத் தர்றேன், பெரியவருக்கே போடுங்க வரிய. நாளைக்கே இந்தக் குடிசைய விட்டு எறக்குவாங்க, தெரியும். பொஞ்சாதிகிட்டயும் சொல்லிட்டேன், நேத்தே பானை சட்டியக் கட்டிட்டா. வண்டி என்னுது.

எருதும் என்னுது. மைக்குல சொன்னாங்க, ஆயிரம் பேரு கேட்டாங்க. அதுக்கு மட்டும் ஒரு வரி போடுங்க சாமி. எருதுக்கு வரி இல்லியா? நல்லாப் பாருங்க, அந்தப் பையில தேடிப் பாருங்க. இத்தன வரி போடறீங்க, ஒண்ணுகூடவா ஒரு மாட்டுக்கு ஒட்டாது? எவ்ளோன்னாலும் கட்டறேன். கங்கப்பன் எருதுன்னு ஒரு ரசீது குடுங்க. முடிஞ்சா ஒரு தகர வில்லையும் குடுங்க, கழுத்துல கட்டி விடறேன்.

திங்கக்கிழமைக்குள்ள வேணும் சாமி.