காயானாலும் பழமானாலும்

— கதவைத் திறடி. பத்தே நிமிஷம். தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.

— தெருமுனைக்குப் போகணும்னா கீழ வாழைப்பழக் குடோனைத் தாண்டித்தான் போகணும். எனக்குத் தெரியாதா? முடியாதுங்க. சொல்லிட்டேன்.

— கட்டின புருஷனை அறையில போட்டுப் பூட்டுற மகாராணி உலகத்துலேயே நீ ஒருத்திதான்.

— அன்னைக்கு ஆஸ்பத்திரியில உங்க நெஞ்சு நின்னு நின்னு அடிச்சுதே, அப்ப எங்க போச்சு இந்த வாய்? ரத்தத்துல பொட்டாசியம் ஏறிப்போச்சு, என்ன சாப்பிட்டீங்கன்னு டாக்டர் கேட்டதுக்குத் திருதிருன்னு முழிச்சீங்க. வீட்டுக்கு வந்தப்புறம்தானே உண்மை வந்துச்சு, குடோன்ல பழம் தின்னேன்னு.

— சரி, தின்னேன். அதுக்கு என்ன இப்போ?

— என்னவா? கிட்னி ரெண்டும் போயி, மெஷின்ல ரத்தத்தைக் கழுவிட்டு வர்ற மனுஷன் கேக்குற கேள்வியா இது?

— முழுசாப் பழுத்ததையா தின்னேன்? பச்சை மாறாத அரைப்பழம். தலை நரைக்கிற வரைக்கும் அந்தக் குடோன்ல காயைப் பழுக்கவெச்சவன் நான். பழுக்கப் பழுக்கத்தான் சத்தெல்லாம் ஏறும் மகாராணி. காய்ல ஒண்ணும் இருக்காது.

— ஏறுறது இனிப்புங்க. உள்ள இருக்கிற மாவு சர்க்கரையா மாறுது, அவ்வளவுதான். பொட்டாசியம் மண்ணுல இருந்து வேர் வழியா வந்தது. வாழைத்தாரை வெட்டி இறக்கினப்புறம் அது எங்கிருந்து புதுசா ஏறும்? காயானாலும் பழமானாலும் அது இருந்தபடிதான் இருக்கும். டயட்டீஷியன் பொண்ணு படம் போட்டுக் காட்டிச்சு. நீங்க ஜன்னலை வேடிக்கை பார்த்துட்டு இருந்தீங்க.

— ஊருக்கெல்லாம் சத்து, எனக்கு மட்டும் விஷமா?

— ஊருல இருக்கிறவங்களுக்கு நெஞ்சு ஒழுங்கா அடிக்க அதுதான் வேணும். மிஞ்சினதை வெளிய தள்ள கிட்னி இருக்கு. உங்களுக்கு இல்லையே. நான் என்னங்க பண்ணுவேன்?

— அழாதடி.

— யாரு அழறா?

— கதவுக்கு வெளிய மூக்கை உறிஞ்சினா எனக்குக் கேக்காதா?

— உங்களுக்கு அந்தப் பக்கம் ஜெயில்னா எனக்கு இந்தப் பக்கம். கடைக்குப் போய்த் தைக்கிறதை விட்டுட்டு, தையல் மெஷினை இந்தக் கதவுக்கு நேரா போட்டு உட்கார்ந்திருக்கேன். கடைசியா எப்ப வெளிக்காத்து பட்டுச்சுன்னே ஞாபகம் இல்ல.

— தரை வழியா வாசனை ஏறுது. ரெண்டாவது அறையில சரக்கு அடைச்சிருக்கானுங்க. நாளைக்குக் காயெல்லாம் மஞ்சள் அடிக்கும்.

— ஜன்னலைச் சாத்துங்க.

— சாத்தினா மூச்சு முட்டுது.

— அப்ப தாங்கிக்குங்க. ஆமா, காலையில உள்ள குடுத்த தட்டு அப்படியே திரும்பி வந்திருக்கு. நேத்தும் இதே கதைதான். காயைப் பொடியா நறுக்கி, ரெண்டு தண்ணியில வேகவெச்சு, சத்தை எல்லாம் வடிச்சுக் கொட்டிட்டுத்தானே பொரிச்சேன்? பிடிக்கலையா?

— நல்லாத்தான் இருக்கு. பசியில்ல.

— பசியில்லாதவருக்குத் தெருமுனையில என்ன வேலை?

— மளிகைக் கடையில ஒரு சாமான் வாங்கணும்.

— எல்லாம் வீட்டுல இருக்கு. என்னன்னு சொல்லுங்க, நான் எடுத்துத் தரேன்.

— இல்ல, நானே போய் வாங்கணும்.

— பார்த்தீங்களா? மளிகைக் கடைக்காரன் வாசல்லயே தாரைத் தொங்கவிட்டிருக்கான். என்னை என்ன இளிச்சவாய்னு நினைச்சீங்களா? இருங்க, போன் அடிக்குது. டயாலிசிஸ் நர்சம்மா. ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களும் கேளுங்க.

— அக்கா, நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க, சரிங்களா? அண்ணன் ஒழுங்கா சாப்பிடறாரா?

— எங்க சாப்பிடறாரும்மா! பட்டினி கிடக்கிறார். திருட்டுப் பழம் தின்ன வாய்க்கு வீட்டுச் சாப்பாடு இறங்கலை.

— நர்சம்மா, போனை வெச்சுடுங்க. நான் அப்புறம் பேசறேன்.

— நீங்க சும்மா இருங்க. சொல்லும்மா.

— பழமா? என்னக்கா சொல்றீங்க? அன்னைக்கு மெஷின்ல போட்டிருந்தப்ப துருவித் துருவிக் கேட்டேனே. பழத்தைத் தொட்டே ரொம்ப நாளாச்சுன்னாரு. அப்புறம்தான் வீட்டுல என்ன உப்புன்னு கேட்டேன். சோடியம் குறைச்ச உப்புன்னு சொன்னாரு. அதுல சோடியத்தை எடுத்துட்டுப் பொட்டாசியத்தைத்தான் கலக்கறாங்க. இவருக்கு ஆகவே ஆகாது, இன்னைக்கே தூக்கிப் போடுங்கன்னு சொல்லி அனுப்பினேனே. மாத்திட்டீங்கல்ல?

— ஏங்க... பிரஷருக்கு நல்லதுன்னு போட்டிருந்துச்சு... கடை கடையா ஏறி இறங்கி நான்தானேங்க அதைத் தேடிப்பிடிச்சு...

— அதுக்குத்தான்டி பத்து நிமிஷம் கேட்டேன். சாதா உப்பு ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்து, உனக்குத் தெரியாம டப்பாவுல மாத்திக் கொட்டிடலாம்னு.