இரண்டாம் சுத்து

அந்தக் கதிரையில வேண்டாம் ஐயா, அது மாமியின்ர. இதில இருங்கோ. வின்சன்ட் கிணத்தடியில குளிக்கிறார். பைலட் தொப்பியைக் கழட்டினால் முதல் வேலை அதுதான். அதுவரைக்கும் அவற்ற மனுசி என்னோட கதையுங்கோ. கொழும்பில இருந்து கொம்பனி ஆள் அனுப்புமெண்டு தெரியும். போன கிழமை சீனன்குடாவில இறக்காமல் பிளேனைத் திருப்பிக்கொண்டு போன விசயம்தானே?

பிளேனில வந்த அரசியல் பெரியவருக்குக் கோவமாம். வரும்தானே. மேடை கட்டி, மாலை வாங்கி, பாண்ட் வாத்தியமும் பிடிச்சு வைச்சிருந்தவை. கடைசியில மாலையை ஆடு திண்டதாம். டாக்சி ஓடுற அபூதாஹிர் நானா சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர்.

என்ன? இவர் ஏன் அண்டைக்குக் கூட்டாளியோட முறை மாறிப் பிளேன் ஓட்டினவர் எண்டோ? அரசியல் ஒண்டுமில்லை ஐயா, எலெக்சன் நாளிலயும் நித்திரை கொள்ளுற மனுசன். அதைப் பிறகு சொல்லுறன். தேத்தண்ணியைக் குடியுங்கோ.

இந்த அன்புவழிபுரத்துக்கு மேலாலதான் அவர் சுத்திப் போய் இறங்கிறது. சத்தம் கேட்டவுடன நான் உலை வைப்பன். அவர் சைக்கிளில வந்து சேர, சோறும் வடிச்சிருப்பன். பக்கத்து வீட்டுப் பூரணி அக்காவும் எங்கட பிளேனைக் கேட்டுத்தான் உலை வைக்கிறவ. இரண்டாம் சுத்தும் கேட்டால் மழை முகில் எண்டு அர்த்தம். அண்டைக்கு எங்கட ஒழுங்கை முழுக்கச் சோறு குழைஞ்சுபோம்.

நானும் ஒருநாள் கேட்டனான், கொஞ்சம் கீழ வந்து பாத்தால் என்னவாம் எண்டு. குசினி மேசையில கோப்பையெல்லாம் கவிட்டு வைச்சு, இதுகள் மலை, இது துறைமுகம், கரண்டிதான் பிளேன் எண்டு காட்டினவர். சுத்தேக்க இதுக்குக் கீழ வரக்கூடாதெண்டு ஒரு உயரம் இருக்காம். ஓடுபாதை கண்ணில தெரிஞ்சு, அதுக்கு நேர திரும்பினாப் பிறகுதான் கீழ வரலாமாம். இடையில முகில் மறைச்சுதெண்டால் மேல ஏறிப் போயிடவேணும். கொஞ்சம் எண்டு ஒண்டு இல்லை கிறேஸ் எண்டு சொல்லி, கரண்டியால கோப்பையில ஒரு தட்டுத் தட்டினவர். வெடிச்சுப்போச்சு. நல்ல சீனக் கோப்பை.

ஓம், பெரியவர் உள்ளுக்க நிண்டு கத்தினதும் தெரியும். கீழ வீதி தெரியுது, இறக்கு எண்டு கத்தினவராம். வீதி தெரிஞ்சு என்ன ஐயா, பஸ்ஸே இறக்கிறது?

நேரா கேக்கிறன். இவரை வேலையால நிப்பாட்டப் போறியளோ? பறக்கிறதைத் தவிர இந்த மனுசனுக்கு வேற ஒண்டும் தெரியாது. அதுதான் எனக்குப் பயம்.

சரி, முறை மாறின கதையைச் சொல்லுறன். அண்டைக்குப் பின்னேரம் மாமியின்ர அடக்கம். இவற்ற அம்மா. ரெயிலில வந்தால் நேரத்துக்கு வந்துசேர ஏலாது. பிளேனில பெரியவற்ற ஆக்கள் நிறைஞ்சு சீட் இல்லை. அதால கூட்டாளியிட்டக் கேட்டுத் தானே ஓட்டிக்கொண்டு வந்தவர். வீட்டுக் கதையை வெளியில சொல்லுற பழக்கம் இல்லை, உங்களிட்டயும் சொல்லியிருக்கமாட்டார்.

எங்கட குடும்பத்தில மூத்த மகன் நெத்தியில கொஞ்சின பிறகுதான் பெட்டி மூடுறது. சுவாமியார் காத்துக்கொண்டு நிக்கிறார். சுத்துற சத்தம் கேட்டது. பூரணி அக்கா என்ர கையைப் பிடிச்சு, வந்திட்டார் எண்டவ. இரண்டாம் சுத்தும் கேட்டது, எங்கட கூரைக்கு மேலால. பிறகு சத்தம் மேல ஏறி ஏறிப் போச்சு. எல்லாரும் என்னைப் பாத்தவை. நான்தான், மூடுங்கோ சுவாமி எண்டனான்.

அடுத்தநாள் வந்து, மாமியின்ர கதிரையில கொஞ்சநேரம் கையை வைச்சுக்கொண்டு நிண்டவர். எங்கட பந்தலில கட்டின வெள்ளைத் துணி மேல இருந்து தெரிஞ்சது கிறேஸ், ஓடுபாதைதான் தெரியேல்லை எண்டு மட்டும் சொன்னவர்.

தண்ணி ஊத்துற சத்தம் நிண்டிட்டுது. வாறார். நீங்கள் கேக்க வந்ததைக் கேளுங்கோ ஐயா.