வரைபடத்தில் விட்ட இடம்

அட, பூட்ஸைக் கழட்டாதீங்க சர்வேயர் சார், அட்டை ஏறிடும். இந்த ஓடைக்கரைச் சேத்தைத் தாண்டினா வந்துடும். ஜட்ஜ் ஐயா நேர்ல பார்த்து எழுதிட்டு வரச் சொன்னாருல்ல, காட்டுறேன். நீங்க எழுதுறதை வச்சுத்தான் அக்கரையாவது தப்பிக்கணும். ஆமா, பின்னாடி வேற யாராவது வர்றாங்களா? இல்லையா? சரி விடுங்க. ரோடு போட்டதுல இருந்து எனக்குக் காலடி கேட்டுக்கிட்டே இருக்கு.

என்ன கேட்டீங்க? ஆமா, கோர்ட்டுல அஜெங், அஜெங்னு மூணு தரம் கூப்பிட்டும் எந்திரிக்காதவன் நான்தான். திமிரு இல்ல சார். அடையாள அட்டையில அந்தப் பேருதான். ஆனா எங்க பெனான் காட்டு ஆளுங்கள்ல, வீட்டுல சாவு விழுந்தா இருக்கிறவங்க பேரை மாத்திடுவோம். செத்தவங்க பேரை அப்புறம் யாரும் வாயால சொல்ல மாட்டோம். சொன்னா, நம்மளைத்தான் கூப்பிடுறாங்கன்னு வந்துடுவாங்க. பதினாலு வருஷமா என்னை யாரும் அஜெங்னு கூப்பிட்டதில்ல, வேற யாரையோன்னு உக்காந்துட்டேன். உங்க ஆளுங்க நல்லா சிரிச்சாங்க.

யாரு செத்தாங்களா? சொல்றேன், நடங்க.

வரைபடமா? அது எங்க பள்ளிக்கூடத்துல போட்டது. தகரக் கொட்டாய்தான், ஆனா டீச்சர் சிலாய் கெட்டிக்காரி. எங்க ஊர்ப் பொண்ணு, டவுன்ல படிச்சுட்டுத் திரும்பி வந்தவ. பிள்ளைங்களுக்கு எங்க பாஷையிலயே எழுத்து சொல்லிக் குடுத்து, நாங்க சொல்லச் சொல்ல அதுங்களை எழுத வச்சா. எந்த ஓடை, எந்த ஜவ்வரிசிப் பனை, எங்க யாரைப் புதைச்சோம், எல்லாம். நாங்க அடுப்படியிலயே குழி வெட்டிப் புதைச்சுட்டு, அன்னைக்கே குடிசையை விட்டுக் கெளம்பிடுவோம். மரம் வெட்டுற கம்பெனியோட வக்கீல் அதையே பிடிச்சுக்கிட்டாரே, விட்டுட்டு ஓடின எடம், உங்களுது இல்லன்னு! ஜட்ஜ்தான், செத்தவங்க பேரைச் சொல்லிக் குறி போடுங்க, குறி இருக்கிற எடத்துல தீர்ப்பு வர்ற வரைக்கும் கம்பெனி கை வைக்கக் கூடாதுன்னார்.

பேரைச் சொல்லணுமாம். எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! லெஜாவ் கிழவர் பதினெட்டுப் பேரைச் சொல்லிட்டு ஒரு வாரம் காய்ச்சல்ல கெடந்தார். இருந்தும் எல்லாரும் சொன்னாங்க சார். என் முறை வந்துச்சு. இந்த ஓடைக் கரையில யாராச்சும் உண்டா மாமான்னு டீச்சர் பென்சிலைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டா. அவளுக்கே தெரியும், கூட விளையாடினவதானே. நான் யாரும் இல்லன்னுட்டேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

வரைபடம் முழுக்கக் குறி, இந்த ஓடையோட ரெண்டு கரை மட்டும் வெள்ளை. கம்பெனிக்காரன் என்ன செய்வான்? அந்த வெள்ளையைப் பார்த்து ரோடு போட்டான். அவனை வையாத நாளில்ல. ஆனா வழி விட்டது நான்தானே சார்.

நில்லுங்க. இதான். ஆமா, செம்மண் ரோடுதான், புல்டோசர் தடம்தான், வேற ஒண்ணும் தெரியாது. உங்களுக்கு ரெண்டடி தள்ளி எங்க அடுப்பு இருந்துச்சு. மண்ணை எங்க வாரித் தள்ளினானோ, நாலு நாள் கையால கிளறிப் பார்த்தேன், ஒண்ணும் கெடைக்கல. இப்பவும் சொல்லாம விட்டா ரோடு அக்கரைக்குப் போயிடும். பள்ளிக்கூடம் அங்கதான்.

நோட்டை எடுங்க. புங்கான். பொண்ணு. ஏழு வயசு, காய்ச்சல்ல போனா. அப்பா பேரு அஜெங்னு போட்டுக்கோங்க.

இல்ல சார், திருப்பிப் படிச்சுக் காட்ட வேணாம். ஒருதரம் கூப்பிட்டதே போதும்.