ஜன்னலோரப் புதினா

புதினாவைச் சாகடிப்பதுதான் கஷ்டம் என்பார்கள், இன்ஸ்பெக்டரம்மா. நான் வாங்கி வந்த முதல் தொட்டியையே சாகடித்தவள்.

என் வீட்டுக்காரர் ஓட்டலில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். வீட்டில் நான் எதைச் செய்து வைத்தாலும் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளுவார். "உனக்குக் கைமணமே கிடையாதுடி. மாட்டுக்குப் போடு" என்பார். விருந்தாளிகள் முன்னாலும் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்து வைப்பேன். பிறகு பக்கவாதம் வந்து அவருக்கு வலப்பக்கமும் பேச்சும் போயின. தட்டைத் தள்ள இடக்கை மிச்சமிருந்தது.

கையில்தான் மணமில்லை, இலையிலாவது இருக்கட்டும் என்று செடி வளர்க்கத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் ஒரே ஜன்னலில்தான் வெயில் விழும். அதன் அடியில் அவர் கட்டில். தொட்டியை அவர் தலைமாட்டில் வைத்தேன். தாகம் எடுத்தால் கரண்டியால் டம்ளரைத் தட்டுவார். ஓடிப்போய்க் குடிக்கக் கொடுப்பேன், மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றுவேன். நாள் முழுக்கத் தட்டினார். புதினா வேரோடு அழுகிப் போனது.

செடிக்கடைக்காரர் வேரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "புதுசா வளர்க்கிறவங்க எல்லாரும் பண்றதுதான்க்கா. பாசத்துல ஊத்தி ஊத்தியே கொன்னுடுவாங்க. மண்ணுல விரலை வச்சுப் பாருங்க. ஈரம் இருந்தா ஊத்தாதீங்க. கொஞ்சம் ஏங்க விடுங்க."

நல்ல மனுஷர். அவரை இதில் இழுக்காதீர்கள்.

அடுத்த தொட்டி தளதளவென்று வந்தது. கூடவே கொத்தமல்லியும் வைத்தேன். முதல் கொத்துப் புதினாவைக் கிள்ளி, அரைத்து, கஞ்சியில் கலந்து எடுத்துப் போனேன். வீடே மணத்தது. அவர் முகர்ந்து பார்த்தார். பிறகு கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். சூடான கஞ்சி தொட்டிமேல் கொட்டி, இலையெல்லாம் வெந்துபோயின. எனக்குக் கோபம் வரவில்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

செடிகளுக்கு வெயில் போதவில்லை. அதனால் கட்டிலைச் சாமான் அறைக்கு மாற்றினேன். அங்கே ஜன்னல் கிடையாது. டம்ளரையும் கரண்டியையும் எடுத்து வைத்துவிட்டேன். அவ்வப்போது போய் அவர் உதட்டில் விரல் வைத்துப் பார்ப்பேன். ஈரம் இருந்தால் திரும்பி வந்துவிடுவேன். போகப் போக, காய்ந்திருந்தாலும் வந்துவிட்டேன்.

மகள் வந்து பார்த்தாள். "அப்பா ஏம்மா இப்படி இளைச்சுட்டாரு?"

"எதைக் கொடுத்தாலும் தள்ளிவிடுறாரு. உனக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியும். பெருமூச்சு விட்டாள். போகும்போது ஒரு கட்டுப் புதினா கொடுத்தேன். "உனக்கு நல்ல கைராசிம்மா" என்றாள். என் கையைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான்.

நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம். ஆமாம், தண்ணீர் கொடுக்காமல் நான்தான் அவரைக் கொன்றேன். கடைசியாக விரல் வைத்தபோது இடக்கையைத் தூக்கினார். தள்ளவில்லை, என் விரலைப் பிடித்துக்கொண்டார். விடுவித்துக்கொண்டு வந்து கொத்தமல்லிக்குத் தண்ணீர் தெளித்தேன்.

எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். ஒரே ஓர் உபகாரம். வீட்டைப் பூட்டி வைப்பதாக இருந்தால், யாரையாவது அனுப்பித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். வாயில்லா ஜீவன்கள். தாகம் எடுத்தாலும் சொல்லத் தெரியாது. அதுகளைத் தவிக்க விடுகிற மனசு எனக்குக் கிடையாது.